கட் பண்ணு

எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் துறுதுறு. வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாகக் கிடக்கிறது. உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டாள், டீ ஆறுவதற்குள் வாயைச் சுட்டுக்கொள்வாள் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அன்றைக்கு நான் புது பைக்கின் வயரை வெட்டியபோது யாருக்கும் ஆச்சரியமே இல்லை. அவசரக்குடுக்கை, வேறு என்ன செய்வாள் என்றார்கள். சாயங்காலம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா, அக்கா, நான். மூவருக்கும் வாய் நீளம். அக்கா வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவளுக்குச் சொந்தக் கடை. நான் ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். சாலையில் விபத்து நடந்தால் ஆள் என் மேஜைக்கு வருவார், வண்டி அவள் கடைக்குப் போகும். "உன் ஆள் எப்படி இருக்காரு?" என்று அவள் கேட்பாள். "கை போச்சு, கால் தப்பிச்சுது. உன் வண்டி?" என்று நான் கேட்பேன். சாப்பிடும்போது இந்தப் பேச்சு வேண்டாம் என்று அம்மா கரண்டியால் மேஜையைத் தட்டுவாள்.

மலைமேல் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலையில் வந்து சேராவிட்டால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலைக்காக நான் ஏறி இறங்காத படி இல்லை. எனக்கு அது வேண்டும். சாயங்காலமானால் வீட்டுக்கு வந்து இந்த இருவரோடு சண்டை போடுவதும் வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் தினம் மலை ஏறி இறங்கியாக வேண்டும். என் ஷிஃப்டுக்கு ஒத்துவருகிற பஸ் கிடையாது. அதற்காகத்தான் பைக் வாங்கினேன்.

மலைப்பாதையில் தெருவிளக்கு இல்லை. காலையில் மூடுபனி, திரும்பும்போது இருட்டு. பைக்கின் முன்விளக்கு நல்ல வெளிச்சம்தான், ஆனால் வளைவு வந்தால் அது பாட்டுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும், சாலை ஒரு பக்கமாகத் திரும்பிப் போய்விடும். அதனால் கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டித்தா என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் அக்காவாக இருந்தால் இது ஒரு வேலையா? ஆனால் வந்தது அத்தனையும் சாக்குப்போக்கு. விளக்கு வந்தால் அதைப் பிடிக்கிற கிளாம்ப் வரவில்லை, கிளாம்ப் வந்தால் அவளுக்குத் தலைவலி. கடைசி நாள் காலையில் பொறுமை போய் நானே கடைக்குப் போய் நின்றேன்.

"நாளைக்கு நான் சேரணும்க்கா. லைட்டு என்னாச்சு?"

"மாட்டலாம்டி. இன்னிக்கு கடை நிறைய வண்டி."

"நேத்தும் இதையே சொன்ன."

"ரிலே நல்லதா வரல."

"அதோ ஷெல்ஃப்ல டப்பா டப்பாவா இருக்கே, அதெல்லாம் என்ன? பிஸ்கட்டா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டே பேசினாள். "பழைய வண்டின்னா கண்ணை மூடிட்டு மாட்டிடலாம். இது புது வண்டி. ஒவ்வொரு வயரையும் உள்ள ஒரு கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டே இருக்கும். எதையாவது தப்பா தொட்டா கோவிச்சுக்கிட்டுப் படுத்துக்கும்."

"உன்ன மாதிரியா?"

"உன்ன மாதிரி."

"சரி, குடு. நானே மாட்டிக்கிறேன். நீ போன்ல சொல்லு போதும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து போய் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் பெட்டி, ஃப்யூஸ், வயர், கிளிப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். கட்டிங் பிளேயரையும் அவளே எடுத்து வைத்தாள். "எதையும் வெட்டாத. சந்தேகம்னா உடனே போன் பண்ணு" என்றாள்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி சீட்டைக் கழற்றினேன். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்கடி" என்றாள். "அந்த ஆளுக்குத்தான் தலைவலி" என்று நான் கத்தினேன்.

விளக்குகளை முன்பக்கத்து கிராஷ் கார்டு கம்பியில் பொருத்துவது பெரிய வேலையாக இல்லை. கை பரபரவென்றிருந்ததில் ஒரு நட்டைக் கீழே போட்டு, அது சாக்கடைக் கம்பிக்குள் உருண்டு போக, வாட்ச்மேன் அண்ணன் தன் பழைய சைக்கிளிலிருந்து ஒன்றைக் கழற்றித் தந்தார். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கால் வைக்கும் கம்பியின் மேல் சாய்த்து வைத்தேன்.

"லைட்டுக்குக் கரண்ட்ட வண்டி வயர்ல இருந்து எடுக்காத. பேட்டரியில இருந்து நேரா எடு. பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் போடு. அங்க இருந்து ரிலே, ரிலேல இருந்து லைட்டு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. ஏன் நேரா?"

"வண்டி வயர்ல இருந்து எடுத்தா, யாரோ கூடுதலா கரண்ட்டு குடிக்கிறாங்கன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடும். சரி வை, ஆள் வந்திருக்கு."

செய்தேன். நன்றாகவே செய்தேன் என்று எனக்கே ஒரு திமிர் வந்தது. எர்த் வயரைத் திருகி முடுக்கியபோது இவ்வளவுதானா, இதற்கா அவள் இத்தனை நாள் பிகு பண்ணினாள் என்று நினைத்தேன். அடுத்த தடவை அவளே கூப்பிட்டாள்.

"இப்ப ரிலேவ எழுப்பிவிட ஒரு வயர் வேணும். சாவி போட்டா மட்டும் கரண்ட்டு வர்ற வயர். இல்லன்னா லைட்ட அணைக்க மறந்துட்டு நீ தூங்கிடுவ, காலையில பேட்டரி செத்துக் கிடக்கும். பின் லைட்டுக்கு ஒரு பிரவுன் வயர் போகும், அதைத் தேடு. வெட்டக் கூடாது. கிளிப்ப மேல வச்சு அழுத்தினா தோலைக் கிழிச்சு உறிஞ்சிக்கும். அட்டை மாதிரி."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல. நீ வேலையப் பாரு. வை."

பிரவுன் வயரைக் கண்டுபிடிக்கத்தான் பாடு. சீட்டுக்கு அடியில் கறுப்புக் குழாய்க்குள் ஒரு கற்றையே போனது. டேப்பைப் பிரித்தால் வண்ண வண்ணமாக நூல் கண்டு போல வயர்கள். வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. விளக்கு எரிந்து, சீட்டை மாட்டி, ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, உடுப்பை இஸ்திரி போட்டு, எவ்வளவு வேலை இருக்கிறது என்று நினைக்க நினைக்க விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எழுந்து தூணைச் சுற்றி நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் கடையில் யாரோ ஹாரன் அடித்துப் பார்க்கும் சத்தம். "சொல்லு" என்றாள்.

"பிரவுன் கிடைச்சிடுச்சுக்கா. ஆனா அடியில இருக்கு."

"துறு, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. இந்த வேலை இல்லன்னா என்ன? ஸ்கேன் சென்டர்லயே இரேன். நடந்து போற தூரம்."

"ஆரம்பிச்சிட்டியா?"

"தினமும் அந்த ரோட்டுல போய் வரணும்டி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல."

"ஸ்கேன் சென்டர்ல எப்ப வேணா தூக்கிடுவான். அங்க நான் ஸ்டூல் மாதிரி. இழுத்துப் போட்டா உக்காருவாங்க, வேணாம்னா தள்ளிடுவாங்க. இது நிரந்தரம். இதை விட்டா எனக்கு இன்னொண்ணு வராது. நீ கடை போட்டப்ப நான் வேணாம்னு சொன்னேனா?"

"கடை இருந்த இடத்துல இருக்கும். அது வளைவுல திரும்பாது."

"அக்கா, இப்ப இதைச் சொல்லு. பச்சையும் வெள்ளையுமா ரெண்டு வயர் பின்னிக்கிட்டுக் குறுக்க போகுது. அதுக்கு அடியில இருக்கு பிரவுன். கிளிப் உள்ள போகவே இல்ல. என்ன பண்ணட்டும்?"

ஹாரன் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"அக்கா? கேக்குதா? குறுக்க நிக்குதுன்னு சொல்றேன்."

"கட் பண்ணு."

கட்டிங் பிளேயர் என் கையில்தான் இருந்தது. அவள் கடையில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குறுக்கே நிற்கிற வயரைச் சட்டென்று வெட்டுவாள், கையை விட்டு வேலையை முடிப்பாள், கண் மூடித் திறப்பதற்குள் வெட்டியதை மறுபடி சேர்த்துவிடுவாள். இன்னொருவர் சொல்லியிருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பேன். சொன்னது அவள். பச்சையை வெட்டினேன், கிளிப்புக்கு வழி கிடைத்தது. போனும் அதே நேரத்தில் நின்றுபோனது.

பிரவுன் வயரில் கிளிப்பை அழுத்திவிட்டு, பெருமையோடு சாவியைத் திருகினேன். மீட்டர் திரையில் எந்தெந்த விளக்கு எரியக் கூடாதோ அத்தனையும் எரிந்தது. சாவியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுத்து ஓடியது. சாவி அதற்குள்தான் இருக்கிறது! ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். வாட்ச்மேன் அண்ணன் மெதுவாக எழுந்து நின்றார். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நீ சொன்ன மாதிரி பச்சைய கட் பண்ணேன், வண்டி செத்துப் போச்சு."

அவள் சிரித்தாள். "அடிப்பாவி! போனை கட் பண்ணச் சொன்னேன்டி! கடையில ஆள் நிக்கிறாங்க, அப்புறம் பேசுவோம், போனை கட் பண்ணுன்னா, நீ வண்டிய கட் பண்ணி வச்சிருக்கியே!"

அவ்வளவுதான், என் மானம் கப்பலேறியது. ஸ்பீக்கரில் இருந்ததால் வாட்ச்மேன் அண்ணன் முழுசாகக் கேட்டார். அவர் மாடியைப் பார்த்து அம்மாவிடம் சொன்னார், அம்மா பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். வண்டி நிறுத்த வந்தவர்களெல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். "நல்லவேளை, 'தலையைச் சீவு'ன்னு யாரும் போன்ல சொல்லல" என்று ஒருவர். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

அக்கா கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டு, குரலை மாற்றிக்கொண்டு பேசினாள். வயரைச் சேர்த்தாலும் போதாது, கம்ப்யூட்டரில் பதிந்த தப்பை அழிக்க வேண்டும், அது கம்பெனி சர்வீஸில்தான் முடியும், நாலைந்து நாள் ஆகும் என்றாள். "போகட்டும் விடு. போன் பண்ணி வரலன்னு சொல்லிடு."

"முடியாது. அடிவாரத்துல போய் நின்னு காய்கறி லாரி எதுலயாவது ஏறிப் போவேன்."

"யாருன்னே தெரியாதவன் லாரியிலயா?"

"ஆமா. இன்னிக்கு இருட்டறதுக்குள்ளயே கிளம்பிடறேன். மேல போய் ஆஸ்பத்திரி பெஞ்சுல படுத்துக்கறேன்."

நான் சொன்னால் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். பையில் உடுப்பைத் திணித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது, கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பைக்கின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நான் டார்ச் பிடித்தேன்.

வெட்டிய முனைகளின் தோலைச் சீவினாள். அதில் ஒரு சின்ன ரப்பர் குழாயைக் கோத்து, கம்பிகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துத் திருகி, ஈயத்தை உருக்கிச் சாலிடர் வைத்தாள். புகை வந்து கண்ணைக் கரித்தது. "வண்டியில இருக்கற பெட்டிங்க எல்லாம் இந்த ரெண்டு வயர் வழியாத்தான் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஒண்ண வெட்டினா யார் சொல்றதும் யாருக்கும் கேக்காது" என்றாள். சட்டைப் பையிலிருந்து தப்பை அழிக்கிற, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை எடுத்து வண்டியில் சொருகி, தன் போனில் எதையோ அழுத்தினாள். மீட்டரில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கம்பெனி சர்வீஸ், நாலைந்து நாள் என்றாளே என்று எனக்குள் ஒரு முள் தைத்தது. ஆனால் வண்டி பிழைத்த சந்தோஷத்தில் அதைப் பேசவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. மாடியிலிருந்து அம்மா, சாப்பாடு ஆறுகிறது என்று. "வரோம்மா. ஆமா, முடிஞ்சுது. சரி, வை" என்றாள் அக்கா. உடனே கடையிலிருந்து யாரோ. "நாளைக்குப் பாக்கலாம் சார். சரிங்க, வைங்க."

டார்ச்சை அவள் முகத்துக்குத் திருப்பினேன். வை. வைங்க. வைக்கிறேன். பிறந்ததிலிருந்து நான் கேட்கிற வார்த்தை. போனை 'கட் பண்ணு' என்று சொல்கிறவள் நான். அம்மாகூட எப்போதாவது சொல்வாள். அக்கா வாயில் அது அன்றைக்கு முன் வந்ததே இல்லை. அவளுக்குக் கட் பண்ணுவது என்றால் ஒன்றுதான், அது அவள் தொழில்.

"அக்கா."

"வெளிச்சத்த இங்க காட்டு."

"நீ போனைச் சொல்லல."

அவள் லைட்டரைப் பற்றவைத்து ரப்பர் குழாயின் மேல் காட்டிக்கொண்டிருந்தாள். அது சுருங்கி வயரைக் கவ்விக்கொண்டது. கவ்விய பிறகும் காட்டிக்கொண்டே இருந்தாள். ரப்பர் தீயும் வாடை வந்தது.

"வயரைத்தான் சொன்னேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அவளை அப்படியே பிடித்துத் தள்ள வேண்டும் போல் இருந்தது. "எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. நான் கேணச்சி மாதிரி நின்னேன். தெரிஞ்சே கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"நீ கேட்ட. என்ன பண்ணட்டும்னு கேட்ட. இந்த ஒரு வயர் போனா நாளைக்கு இவ போக மாட்டாளேன்னு தோணுச்சு. அதுக்கு மேல எனக்கு எதுவும் தோணல. வாய் சொல்லிடுச்சு."

"வாய் சொல்லல. நீ சொன்ன."

"ஆமா. நான் சொன்னேன்."

வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசல் கேட் பக்கம் போய்விட்டார். அக்கா விரலில் ஒட்டிய சாலிடரை நகத்தால் சுரண்டினாள்.

"போன மாசம் அந்த ரோட்டுல இருந்து ஒரு வண்டி வந்துச்சு. முன்பக்கமே இல்ல. உன்ன மாதிரியே ரெண்டு லைட்டு எக்ஸ்ட்ரா மாட்டியிருந்தான். கழட்டி பேட்டரியில வச்சுப் பாத்தேன். எரிஞ்சுதுடி. ரெண்டும் பளிச்சுன்னு எரிஞ்சுது. ஆள் எங்கன்னு கேட்டேன், வண்டியக் கொண்டுவந்தவங்க சொல்லல. உன்கிட்ட வந்தாரான்னு அன்னிக்கு கேட்டேனே, ஞாபகம் இருக்கா? உன்கிட்டயும் வரல. அதுக்கப்புறம் உன் லைட்டப் பிரிக்கவே எனக்குக் கை வரல. நீ என்னமோ லைட்டு இருந்தா போதும்னு நினைக்கிற."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. அடுத்து நான் சொன்னது அவளைக் காயப்படுத்த வேண்டும் என்றே சொன்னது.

"சரி. இப்ப நீ சேத்திருக்கியே வயர், அதை நம்பி நான் எப்படி மலை ஏறுறது?"

அக்காவின் முகம் விழுந்தது. அவள் தொழிலில் அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். பிறகு, "நம்பாத" என்றாள். "நான் பின்னால உக்காந்து வரேன்."

அக்கா பைக்கில் பின்னால் உட்காரமாட்டாள். யார் வண்டியிலும். பிரிப்பாள், பூட்டுவாள், கடை வாசலில் முறுக்கிப் பார்ப்பாள், அதோடு சரி. வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தப் பயம் வந்திருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும், பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு.

மறுநாள் விடியும் நேரத்தில் கிளம்பினோம். அம்மா இருவரையும் திட்டிக்கொண்டே ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்தாள். ஊரைத் தாண்டும்வரை அக்கா பின்கம்பியைப் பிடித்திருந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். வண்டி துள்ளாமல் ஏறியது. அவள் சேர்த்த வயர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. விளக்குகளும் நன்றாக இருந்தன. வளைவின் உள்பக்கத்தில் புல்லும் ஓரக்கல்லும் தெளிவாகத் தெரிந்தன. பாத்தியா என்று கத்தினேன்.

பாதி வழியில் பனிக்குள் நுழைந்தோம். நான் பார்த்திருந்த பனி ஸ்கேன் சென்டர் ஜன்னலில் படிவது. இது வேறு. நான் மாட்டிய இரண்டு விளக்கும் அதில் பட்டு என் முகத்துக்கே திரும்பி வந்தன. எதிரில் வெள்ளைத் துணி கட்டியது போல் இருந்தது. சாலை காணவில்லை. ஹெட்லைட்டையும் ஹை பீமில் போட்டேன். அந்தத் துணி இன்னும் பக்கத்தில் வந்தது.

"லைட்ட அணை" என்று காதருகில் அவள் குரல்.

"என்னது?"

"உன் லைட்டு ரெண்டையும் அணை. ஹெட்லைட்ட டிம் பண்ணு. கீழ கோடு தெரியும், அதைப் பாத்து மெதுவா போ."

அணைத்தேன். எத்தனை நாள் கெஞ்சி, ஒரு பகல் முழுக்க முதுகு ஒடிந்து, ஊர் சிரிக்க மாட்டிய விளக்குகள். அணைத்த பிறகுதான் சக்கரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு மங்கலாகத் தெரிந்தது. அந்தக் கோடு வளைந்த இடத்தில் நாங்களும் வளைந்தோம். ஒரு வளைவில் பஸ் ஒன்று ஹாரனே அடிக்காமல் பனிக்குள்ளிருந்து வந்து, என் கைமுட்டியை உரசுகிற மாதிரி கடந்து போனது. அக்காவின் விரல்கள் என் விலாவில் புதைந்தன. நான் பயந்தேன். வேலை கிடைத்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பயந்தேன், அது அவளுக்கும் என் முதுகு வழியே தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவள் திட்டில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "போ, போய்க் கையெழுத்துப் போடு" என்றாள். நான் உள்ளே ஓடினேன். கையெழுத்துப் போட்டு, என் மெஷினைக் காட்டி, என் பெயரை எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். இனி என்னை யாரும் ஸ்டூல் மாதிரி இழுத்துப் போட முடியாது. அதை அவளிடம் காட்ட வேண்டும் என்று, சண்டையையெல்லாம் மறந்துவிட்டு வெளியே வந்தேன். திட்டில் அவள் இல்லை.

முன்வாசல் மேஜையில் ஒரு அம்மாளிடம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். கடையில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அதே நிமிர்ந்த குரல்.

"எக்ஸ்ரேக்குப் புதுசா வந்திருக்காளே, என் தங்கச்சி. இங்க வேலை பாக்கறவங்களுக்குத் தங்க ரூம் ஏதாவது குடுப்பீங்களா?"

யார் இவளைக் கேட்கச் சொன்னது? தினம் வீட்டுக்குத் திரும்பி வரத்தானே நான் இத்தனை பாடு பட்டேன்? ஆத்திரத்தோடு இரண்டு அடி எடுத்து வைத்தேன். மேஜையில் ஊன்றியிருந்த அவள் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஒண்ணு காலியா இருக்கு" என்றாள் அந்த அம்மாள். "ஆனா இங்க தங்கினா வாரத்துல ஆறு நாள் டூட்டி போடுவோம். ஒரு நாள்தான் வீட்டுக்குப் போகலாம். பரவால்லயா?"

"பரவால்ல" என்றாள் அக்கா. "உயிரோட வந்தா போதும்."

நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது.